பாவித்த லெகோ விண்கலம்: எந்தக் குறைக்கு என்ன வழி?

பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளைச் செய்யும் லெகோ நிறுவனம் ஒரு செட்டின் தயாரிப்பை நிறுத்திவிட்டால் அது பெரும்பாலும் மறுபடி கடைத் தட்டுக்கு வருவதில்லை. அதன்பின் யாரோ ஒருவரின் அலுமாரியிலிருந்துதான் வர வேண்டும். கொழும்பில் விற்பனைக்கு வரும் பழைய விண்கலங்களில் பல, லண்டனிலிருந்தோ டுபாயிலிருந்தோ மாமாவோ சித்தப்பாவோ விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தவை. சில, பணி முடிந்து நாடு திரும்பும் வெளிநாட்டுக் குடும்பங்கள் விற்றுவிட்டுப் போனவை. எப்படி வந்திருந்தாலும் இந்த ஊரின் ஈரக் காற்றையும் வெயிலையும் ஆண்டுக்கணக்கில் தாங்கியவை அவை. அதனால் அவற்றில் காணும் குறைகளும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகின்றன.

குறைகளுக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு விண்கலச் செட்டின் பெரும் பகுதி சாதாரணத் துண்டுகள். நீலம், வெள்ளை, கறுப்பு நிறத் தட்டுகளும் கட்டைகளும் இன்றைய செட்டுகளிலும் வருகின்றன, தொலைந்தால் மாற்றிவிடலாம். அந்தச் செட்டுக்கே உரியவை நான்கு: விமானி அறையின் வண்ணக் கண்ணாடி, அச்சிட்ட துண்டுகள், விண்வெளி வீரர்கள், கையேடு. முதலில் கெடுபவையும் இந்த நான்குதான். விலை பேசும்போது இவற்றுக்குத்தான் விலை பேசுகிறீர்கள். மற்றவற்றில் தெரியும் அழுக்கையும் தளர்வையும் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை.

விளம்பரத்தில் ஒரே ஒரு படம். தலைப்பு "லெகோ ரொக்கட்" என்று மட்டும்

தன்னிடம் இருப்பது என்ன செட் என்று விற்பவருக்கே தெரியவில்லை. செட் இலக்கம் பெட்டியிலும் கையேட்டிலும் அச்சிடப்பட்டிருக்கும். கலத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பெட்டியும் கையேடும் இல்லாதபோது நிறத்தை வைத்துக் காலத்தைக் கண்டுபிடிக்கலாம்.

நீலமும் சாம்பலும் சேர்ந்த உடல், மஞ்சள் கண்ணாடி, கோளைச் சுற்றிப் பறக்கும் கலத்தின் சின்னம் என்றால் 1978 இல் தொடங்கிய முதல் விண்வெளி வரிசை. கறுப்பு உடலில் மஞ்சள் கண்ணாடி என்றால் 1987 இன் பிளாக்ட்ரோன். அதே ஆண்டில் வந்த பியூச்சுரோன் வெள்ளை உடலும் நீலக் கண்ணாடியும் கொண்டது. கறுப்பும் நீலமும் கலந்து சிவப்புக் கண்ணாடி இருந்தால் 1989 இன் ஸ்பேஸ் பொலிஸ்; சிவப்பு உடலில் பளிச்சென்ற பச்சைக் கண்ணாடி என்றால் 1990 இன் எம்-ட்ரோன்; கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் கண்ணாடி என்றால் 1993 இன் ஐஸ் பிளனட். இதைத் தெரிந்து வைத்திருந்தால் மங்கலான படத்திலிருந்தே தேடலைத் தொடங்கிவிடலாம்.

பெயர்க் குழப்பமும் வரும். 1979 இல் வெளியான கலக்ஸி எக்ஸ்ப்ளோரர் ஐரோப்பாவில் 928 என்றும் அமெரிக்காவில் 497 என்றும் விற்கப்பட்டது. இரண்டும் ஒரே கலம், 338 துண்டுகள். "இது அமெரிக்க இலக்கம், அபூர்வமானது" என்று விலையைக் கூட்டினால் ஏற்காதீர்கள். நிறுவனத்தின் 90 ஆவது ஆண்டை ஒட்டி 2022 இல் அதே பெயரில் 10497 என்ற பெரிய கலம் வந்தது. அதில் 1254 துண்டுகள். அதன் தயாரிப்பும் நின்றுவிட்டது. இரண்டும் நல்ல கலங்கள்தான், ஆனால் விலை வேறு, குறைகள் வேறு. எது என்று உறுதி செய்யாமல் முற்பணம் அனுப்ப வேண்டாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள் அதிகமில்லை. "அண்ணா, விமானி அறைக் கண்ணாடியைக் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் அனுப்ப முடியுமா? வீரர்களின் முகமும் நெஞ்சும் கிட்டத்தில் தெரிய இன்னொன்று" என்று கேளுங்கள். கலத்தின் அடிப்பக்கத்தையும் கேளுங்கள். உடைந்த துண்டுகளும் வேறு நிற மாற்றுத் துண்டுகளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இவற்றை அனுப்பத் தயங்குபவரிடம் நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

"எல்லாத் துண்டும் இருக்கிறது" என்கிறார், எண்ணிப் பார்க்கவில்லை

கட்டி நிற்கும் கலத்தைப் பிரித்து எண்ண எந்த விற்பனையாளரும் விரும்பமாட்டார். அதற்குத் தேவையும் இல்லை. 2000 இல் தொடங்கி 2019 இல் லெகோ நிறுவனத்தின் கைக்கு வந்த பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தைத் தளத்தில் ஒவ்வொரு செட்டின் துண்டுப் பட்டியலும் இருக்கிறது. அதிலிருந்து கண்ணாடிகள், அச்சிட்ட துண்டுகள், வீரர்கள், கீல்கள் ஆகியவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நேரில் அவற்றை மட்டும் சரிபார்த்தால் போதும். இரண்டு நீலத் தட்டு குறைந்திருந்தால் அது ஒரு பிரச்சினையே அல்ல.

அதே தளத்தில் கடந்த ஆறு மாதங்களில் உண்மையில் விற்ற விலைகளும் தெரியும். புதிது ஒரு பக்கம், பாவித்தது ஒரு பக்கம். கொழும்பில் பலர் திறக்காத பெட்டியின் விலையை டொலரிலிருந்து ரூபாவுக்கு மாற்றிப் பாவித்த செட்டுக்குக் கேட்கிறார்கள். வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். தேடலில் முதலில் கண்ணில் படுவது அந்த விலைதான். பாவித்த செட்டின் விலைப் பக்கத்தைத் திறந்து மரியாதையாகக் காட்டினால் பலர் இறங்கி வருவார்கள். வெளிநாட்டிலிருந்து அதே செட்டை வரவழைத்தால் தபால் கட்டணமும் சுங்கத்தில் விதிக்கும் வரிகளும் சேரும். உள்ளூரில் நல்ல நிலையில் கிடைப்பதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயமே.

சந்திப்பதைப் பகலில் வையுங்கள். கடைத் தொகுதிகளின் மஞ்சள் விளக்கின் கீழ் வெள்ளைத் துண்டு எவ்வளவு பழுப்பாகியிருக்கிறது என்பது தெரியாது. பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ வீதியைப் பார்த்த மேசையுள்ள ஒரு தேநீர்க் கடை போதும்.

குமிழில் எழுத்து இல்லை

குமிழ் என்பது துண்டின் மேலே இருக்கும் சிறு வட்டப் புடைப்பு. ஒவ்வொரு லெகோ குமிழின் உச்சியிலும் நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். நகத்தால் தடவினாலே உணரலாம். நடுவில் துளையுள்ள குமிழ்களில் எழுத்து இல்லாமல் இருக்கலாம். அப்படியான துண்டுகளைத் திருப்பி உட்புறத்தில் பாருங்கள். பெயரோடு சிறிய துண்டு இலக்கமும் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

பொருந்தும் கட்டைகளை வேறு நிறுவனங்கள் செய்வது குற்றமல்ல. கட்டையின் 1958 ஆம் ஆண்டுக் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. புறக்கோட்டைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அந்தக் கட்டைகளைத் தம் பெயரிலேயே வாங்கி விளையாடுவதில் எந்தத் தவறும் இல்லை. பிரச்சினை, முழுச் செட்டையும் பெட்டிப் படத்தோடு அப்படியே பிரதி செய்தவற்றில்தான். லெபின் என்ற பெயரில் வந்த பிரதிகளை எதிர்த்துச் சீன நீதிமன்றத்தில் லெகோ 2018 இல் வென்றது. 2019 இல் சீனப் பொலிஸார் அதன் பின்னால் இருந்தவர்களைக் கைது செய்தனர். ஆனால் அதற்கு முன் விற்ற பெட்டிகள் உலகெங்கும் வீடுகளில் இருக்கின்றன. பெட்டியும் கையேடும் இல்லாமல் அவை கை மாறும்போது விற்பவருக்கே உண்மை தெரியாமல் இருக்கலாம்.

முழுக் கலமும் பிரதி என்றால் வாங்காதீர்கள். அசல் கலத்தில் சில துண்டுகள் மட்டும் வேறு என்றால், அது யாரோ ஒரு தந்தை தொலைந்த துண்டுக்கு மாற்று வைத்துக் கொடுத்ததாக இருக்கலாம். விலையைக் குறைத்து வாங்குங்கள். அந்தத் துண்டுகளைப் பிறகு மாற்றலாம்.

பெட்டியைத் திறந்ததும் பூஞ்சண மணம். மூலைகளில் கரப்பான் எச்சம்

கொழும்பில் வாங்கும் பழைய செட்டுகளில் அடிக்கடி காணும் குறை இது. முழுமையாகத் தீர்க்கக்கூடியதும் இதுதான். அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

மட்டைப் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முன் விறாந்தையிலேயே திறந்து, துண்டுகளை ஒரு வாளிக்குள் கொட்டி, பெட்டியைத் தனியே வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கரப்பானின் முட்டைக் கூடுகள் மட்டையின் மடிப்புகளில்தான் ஒளிந்திருக்கும். சிறிய மண்ணிறப் பயறு போல இருப்பவற்றை முள்கரண்டியால் அகற்றிவிடலாம்.

பிறகு கலத்தை முழுவதுமாகப் பிரியுங்கள். கட்டியபடியே கழுவினால் துண்டுகளுக்கு இடையே தண்ணீர் தங்கி, மணம் முன்னிலும் மோசமாகத் திரும்பும். பிரிக்கும்போது மூன்று வகைத் துண்டுகளை ஒதுக்குங்கள்: ஒட்டுப்படம் ஒட்டியவை, மின் தொடர்பு உள்ளவை, காந்தம் உள்ளவை. எம்-ட்ரோன் கலங்களில் காந்தங்கள் ஏராளம். உள்ளே தண்ணீர் போனால் துருப்பிடிக்கும், கடற்காற்று மிச்ச வேலையை முடித்துவிடும். இந்த மூன்றையும் ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

மற்றவற்றுக்கு இளஞ்சூடான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவமும் போதும். லெகோ நிறுவனம் சொல்லும் எல்லை 40 பாகை செல்சியஸ். கை வைத்தால் சுடாத வெப்பம். சலவை இயந்திரம், பாத்திரம் கழுவும் இயந்திரம், நுண்ணலை அடுப்பு ஆகியவை வேண்டாம் என்று நிறுவனமே எச்சரிக்கிறது. ஊறவிட்டு, மென்மையான பழைய பற்றூரிகையால் உட்புறக் குழாய்களைத் துலக்குங்கள். கண்ணாடித் துண்டுகளை மற்றவற்றோடு சேர்க்காமல் தனிப் பாத்திரத்தில் விரலால் மட்டும் கழுவுங்கள். வாளிக்குள் கட்டைகளோடு உராய்ந்தே பல கண்ணாடிகள் கீறல் வாங்குகின்றன. அச்சிட்ட துண்டுகளில் தூரிகையை வைக்கவே வேண்டாம்.

உலர்த்துவதில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். வெயிலில் காய வைக்கும் பழக்கம் நமக்கு இயல்பாகவே வரும். இங்கே அது கூடாது. காரணம் அடுத்த பகுதியில். துவாயைப் பரப்பி, குமிழ் மேலே இருக்கும்படி துண்டுகளை வையுங்கள், உள்ளே தங்கிய தண்ணீர் கீழே இறங்கும். மின்விசிறியை ஓடவிட்டு, துவாயை மாற்றி, துண்டுகளைப் புரட்டுங்கள். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஓர் இரவு போதாது. குளிரூட்டி உள்ள அறை இருந்தால் அங்கே வையுங்கள்; அது காற்றின் ஈரத்தையும் இழுத்துவிடும். ஒரு துண்டை உதறும்போது துளி தெறித்தால் இன்னும் காயவில்லை.

வெள்ளை மஞ்சளாகிவிட்டது, நீலம் பச்சை கலந்து தெரிகிறது

1963 முதல் லெகோ கட்டைகள் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அதில் உள்ள பியூட்டாடையீன் என்ற இறப்பர் பகுதி புறஊதாக் கதிர் பட்டு ஒட்சியேற்றமடையும்போது மஞ்சள் நிறம் உருவாகிறது. கொழும்பின் கடற்கரை மேற்கே பார்த்திருப்பதால், வெள்ளவத்தையிலோ கொள்ளுப்பிட்டியிலோ கடல் பக்கத்து மாடி வீடுகளுக்குள் பிற்பகல் வெயில் நேராகப் பாய்கிறது. அந்த யன்னலோரத் தட்டில் நின்ற கலம் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகியிருக்கும்.

இதைத் திருப்ப முடியும். ஐதரசன் பேரொட்சைட்டும் புறஊதாக் கதிரும் சேர்ந்தால் அந்த மஞ்சள் வெளிறும். பழைய கணினிகளைப் புதுப்பிப்பவர்கள் 2008 ஆம் ஆண்டளவில் பரப்பிய முறை இது. பாமசியில் 6 சதவீதக் கரைசல், அதாவது "20 வொலியூம்" கேளுங்கள். தெளிந்த கண்ணாடிப் பாத்திரத்தில் துண்டுகள் மூழ்கும்வரை ஊற்றி, காலை வெயிலில் வையுங்கள். குமிழிகள் ஒட்டித் துண்டுகள் மிதக்கும். மிதக்கும் பகுதி சமமாக வெளுக்காது. ஒரு கண்ணாடித் தட்டை மேலே வைத்து அமிழ்த்தி, மணிக்கொரு தடவை கிளறிவிடுங்கள். கையுறை அணியுங்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாத்திரத்தை இறுக மூடாதீர்கள். உள்ளே ஒட்சிசன் வாயு உருவாகிக்கொண்டிருக்கும். உச்சி வெயிலில் கரைசல் சூடேறும், அப்போது நிழலுக்கு எடுத்துவிடுங்கள். மஞ்சள் போனதும் நிறுத்திக் கழுவுங்கள். அளவுக்கு மிஞ்சினால் வெண்திட்டுகள் விழும். அவற்றைத் திருப்ப வழியில்லை.

அச்சிட்ட துண்டுகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் இதில் போடாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வெளுத்த துண்டு காலப்போக்கில் மறுபடி மஞ்சளாகலாம். ஆகையால் எல்லாவற்றையும் வெளுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கலம் முழுவதும் சமமாக இலேசாகப் பழுத்திருந்தால் விட்டுவிடுங்கள். நாற்பது ஆண்டு கண்ட பொருளுக்கு அந்த நிறம் அழகாகவே இருக்கிறது. ஒரு சிறகு வெள்ளை, மறு சிறகு மஞ்சள் என்றிருந்தால் மட்டும் கரைசலை வாங்குங்கள். உள்ளே மறையும் துண்டுகளோடு இடம் மாற்றிக் கட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சாம்பல் துண்டுகள் இரண்டு விதமாகத் தெரிகின்றன

இதை மஞ்சளாதல் என்று எண்ணி வெளுக்கப் போகாதீர்கள். 2004 அளவில் லெகோ தன் சாம்பல் நிறங்களையே மாற்றியது. பழையது சற்று மண் சாயல் கொண்டது, புதியது நீலச் சாயல் கொண்டது. 1979 கலத்தில் நீலச் சாயல் துண்டு இருந்தால் அது பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. சந்தேகம் இருந்தால் துண்டின் உட்புறத்தைப் பாருங்கள். வெயில் படாத அங்கேயும் அதே நிறம் என்றால் அது இயல்பான நிறமே. மாற்றுத் துண்டு வாங்கும்போது "பழைய சாம்பல்" என்று குறித்து வாங்குங்கள்.

கண்ணாடி மங்கியிருக்கிறது, அல்லது கழற்ற வரவில்லை

பழைய ஒளி ஊடுருவும் துண்டுகள் பொலிகாபனேற்று என்ற வேறு பிளாஸ்டிக். வாகனங்களின் முன்விளக்கு மூடிகளும் அதே பொருள்தான். பஞ்சிகாவத்தை உதிரிப் பாகக் கடைகளில் முன்விளக்கு துலக்க விற்கும் மெருகுப் பசை இந்தக் கண்ணாடிகளுக்கும் பொருந்தும். பஞ்சுத் துணியில் துளியளவு தொட்டு, வட்டமாக, அழுத்தாமல் தேயுங்கள். மேற்பரப்புக் கீறல்கள் நன்றாகக் குறையும். நகம் மாட்டும் ஆழக் கீறல் போகாது. நகப்பூச்சு அகற்றும் திரவத்தைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். அதில் உள்ள அசற்றோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

வெடிப்பு விழுந்த கண்ணாடிக்கு மருந்தில்லை. ஒட்டும் பசை பூசினால் மங்கிப்போகும். வாங்குமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். இது ஒன்றைத்தான் விலையைப் பாதியாக்கும் குறை என்று நான் கருதுகிறேன்.

ஒன்றோடொன்று இறுகிய துண்டுகளைப் பல்லால் கடித்துப் பிரிக்கும் பழக்கம் எல்லாச் சிறுவர்களிடமும் இருந்தது. பழைய தட்டுகளின் ஓரத்தில் அந்தத் தடங்களைக் காணலாம். லெகோவின் பிரிப்பான் கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு தட்டுகள் ஒட்டியிருந்தால் மேலே ஒரு நீளக் கட்டையையும் கீழே ஒன்றையும் பொருத்தி எதிரெதிராகச் சரித்தால் விட்டுவிடும்.

சிறகு தொங்குகிறது, கதவு நிற்கவில்லை

குமிழின் விட்டம் 4.8 மில்லிமீற்றர், அதில் மயிரிழை தேய்ந்தாலும் பிடிப்பு தளரும். ஆனால் முதலில் தேய்மானத்தைக் குறை சொல்லாதீர்கள். கழுவியபின்னும் தளர்வாக இருந்தால் துண்டின் ஓரங்களை வெளிச்சத்தில் பாருங்கள். ஒற்றைக் குமிழ்க் கட்டைகளில் மயிரளவு வெடிப்பு இருக்கும். பொருத்தும்போது அது விரிந்து பிடிப்பை விட்டுவிடும். அதை மாற்ற வேண்டும். வெடிப்பு இல்லாமல் தளர்ந்தவற்றைச் சுமை வராத இடத்துக்கு மாற்றுங்கள்.

கீல்கள் வேறு கதை. பழைய வகைக் கீல்களின் விரல் போன்ற பற்கள் எளிதில் முறியும். கலக்ஸி எக்ஸ்ப்ளோரரின் பின்புறச் சரக்கறை திறந்து உள்ளிருந்து சிறு வண்டி உருண்டு வெளியே வருவதுதான் அந்தச் செட்டின் பெரிய இன்பம். அந்தக் கீல் முறிந்திருந்தால் கலத்தின் பாதி போனது போல. மாற்றுக் கீல் விலை குறைவுதான். வந்து சேரும்வரை பொறுங்கள், ஒட்டிக் கெடுக்காதீர்கள்.

2000 களின் பிற்பகுதிச் செட்டுகளில் இன்னொரு தொல்லை: செம்மண்ணிறம், கடுஞ்சிவப்பு நிறத் துண்டுகள் தொட்டாலே உடையும். அந்தக் கலவையின் குறை அது. அப்படியான கலத்தைப் பிரிக்கும்போது அந்த நிறங்களில் பிரிப்பானைப் பாவிக்காமல் விரலால் மெதுவாகத் தளர்த்துங்கள். சில உடையும் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள்.

பெரிய தட்டு வளைந்திருந்தால் சமமான மேசையில் வைத்து, புத்தகங்களை ஏற்றிச் சில நாட்கள் விடுங்கள். கொதிநீர் வேண்டாம். வாங்கிய செட்டை நிறுத்திய வாகனத்துக்குள் வைத்துவிட்டு அலுவல் பார்க்கப் போகவும் வேண்டாம்.

வீரரின் தலைக்கவசம் தாடையில் உடைந்திருக்கிறது

ஏறக்குறைய எல்லா முதல்கால வீரர்களுக்கும் இதே காயம்தான். ஆரம்பத் தலைக்கவசங்களின் தாடைப்பட்டி மிக மெல்லியது. இந்த உடைவு எவ்வளவு பரவலாக அறியப்பட்டது என்றால், 2014 இல் வந்த நீல விண்வெளி வீரர் ஒருவரின் கவசத்தை லெகோவே தாடை உடைந்த வடிவில் வார்த்து வெளியிட்டது. பழைய வீரருக்கு அந்த உடைவை விட்டுவைக்கலாம். விளையாட வேண்டும் என்றால் பின்னாளில் வந்த தடித்த பட்டிக் கவசம் அப்படியே பொருந்தும்.

நெஞ்சில் உள்ள பொன்னிறச் சின்னம் தேய்ந்திருந்தால் மீட்க முடியாது. மீதியைத் தேய்க்காமல் காப்பாற்றுங்கள். அக்குளின் கீழே உடலில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; கையைச் சுழற்றச் சுழற்ற அது நீளும். வீரர்களின் நிறம் காலத்தையும் சொல்லும்: சிவப்பும் வெள்ளையும் முதலில் வந்தவை, மஞ்சள் அடுத்து, நீலமும் கறுப்பும் 1984 இல். 1979 கலக்ஸி எக்ஸ்ப்ளோரரில் இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை. நீல வீரர் இருந்தால் வேறு செட்டிலிருந்து வந்து ஏறியவர்.

விளக்கு எரியவில்லை

1986 இல் ஒளியும் ஒலியும் தரும் 9 வோல்ற்று வரிசை வந்தது; 1989 இன் 6781 ஸ்பேஸ் பொலிஸ் கலம் அதில் ஒன்று. மின்கலப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வெண்பொடி படிந்திருந்தால் பழைய மின்கலம் கசிந்திருக்கிறது. அல்கலைன் மின்கலக் கசிவுக்கு வினாகிரியில் நனைத்த காதுப்பஞ்சு போதும். பிறகு ஈரத் துணி, பிறகு நன்றாக உலர்த்தல். குமிழ்களில் உலோகத் தகடு பதித்த தட்டுகள்தான் மின்னைக் கடத்துகின்றன. அவை கறுத்திருந்தால் அழிறப்பரால் தேய்த்தாலே விளக்கு உயிர்பெறும். மின்கலத்தை உள்ளே விட்டு அலுமாரியில் வைக்காதீர்கள்.

துண்டு குறைகிறது

எதிர்பார்த்ததுதான். பட்டியலோடு ஒப்பிட்டு, எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் எழுதுங்கள். துண்டின் உட்புற இலக்கம் உதவும். எட்டுக் குமிழ்க் கட்டை 3001, இரண்டு குமிழ்த் தட்டு 3023. ஒரு துண்டுக்காக வெளிநாட்டிலிருந்து ஒரு பொதி வரவழைத்தால் தபால் கட்டணம் துண்டின் விலையை விழுங்கிவிடும். லண்டனிலோ டொரொன்டோவிலோ அக்காவோ மச்சானோ இருந்தால் அங்கே வாங்கிச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு சிறு பொலித்தீன் பையில் அடங்கிவிடும் அது, அடுத்து ஊருக்கு வருபவருக்குப் பாரமே இல்லை. அதுவரை கலத்தின் உள்ளே மறையும் இடங்களில் எந்த நிறத் துண்டையும் வைத்துக் கட்டலாம். வெளியே தெரியும் கண்ணாடிக்கு மட்டும் காத்திருங்கள்.

கையேடு இல்லை, அல்லது பக்கங்கள் ஒட்டிவிட்டன

1990 களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய பெரும்பாலான செட்டுகளின் கையேடுகளை லெகோ தளத்திலிருந்து பிடிஎஃப் ஆக இலவசமாக எடுக்கலாம். அதற்கு முந்தையவற்றை ஆர்வலர்கள் வருடிச் சேமித்து வைத்திருக்கிறார்கள். ஒட்டிய பளபளப்புத் தாள்களை இழுத்துப் பிரிக்காதீர்கள், அச்சு உரிந்து வரும். வெள்ளிப்பூச்சி அரித்த ஓரங்களை விட்டுவிட்டு, மிச்சத்தைச் சிலிக்கா ஜெல் பொதியோடு காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். நகலைப் பார்த்தே கட்டுங்கள்.

கட்டி முடித்தாயிற்று, ஆனால் தொடவே பயமாக இருக்கிறது

இதையும் குறை என்றே எழுதுகிறேன், ஏனெனில் கொடுத்த பணத்தின் பயனை முழுவதுமாகத் தடுப்பது இதுதான். 1978 இன் விண்வெளி வீரர்களை வடிவமைத்த ஜென்ஸ் நைகார்ட் க்னுட்சென், 2020 இல் மறைந்த டென்மார்க்கர், அவர்களுக்கு ஒரு புன்சிரிப்பை மட்டும் கொடுத்தார். பெயரும் இல்லை, ஆயுதமும் இல்லை. கதையைக் கையில் பிடிப்பவரே சொல்ல வேண்டும் என்பதற்காகவே அப்படி விடப்பட்டது போலத் தோன்றுகிறது. அந்தக் கலத்தைக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைப்பது எனக்கு ஏற்கவில்லை.

பயம் நியாயமான இடத்தில் மட்டும் இருக்கட்டும். 1979 வீரர்களை எடுத்துத் தனிப் பெட்டியில் வைத்துவிட்டு, 2022 கலத்தின் வீரர்களை ஏற்றுங்கள். அச்சும் கவசமும் உறுதியானவை. அச்சிட்ட துண்டு ஒன்றிரண்டுக்குப் பதிலாக அதே வடிவில் அச்சில்லாத துண்டை வையுங்கள். மீதியை யாரும் தூக்கிப் பறக்கவிடலாம். வீட்டில் பிள்ளை இருந்தால் கையேட்டை அதனிடம் கொடுத்து, நீங்கள் துண்டு தேடிக் கொடுப்பவராக இருங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் மட்டும் உயரத்தில் வையுங்கள். சிறு துண்டுகள் தொண்டையில் சிக்கும்.

பழைய பெட்டிகளின் பின்புறத்தில் அதே துண்டுகளால் கட்டக்கூடிய வேறு கலங்களின் படங்கள் இருக்கும். அவற்றுக்குக் கையேடு கிடையாது. பெட்டியின் படத்தை இணையத்தில் தேடியெடுத்து, பெரிதாக்கி, பார்த்துப் பார்த்துக் கட்டுங்கள். ஒரே செட்டில் இரண்டாவது, மூன்றாவது கலம் கிடைக்கும், கூடுதலாக ஒரு ரூபாவும் இல்லாமல்.

வைக்கும் இடத்துக்கு, கடல் பார்த்த யன்னலும் வேண்டாம், குளியலறைச் சுவரோடு ஒட்டிய தட்டும் வேண்டாம். கிழக்குப் பக்க அறையின் உட்சுவர் நல்லது. தூசிக்கு மென்மையான ஓவியத் தூரிகை போதும். ஒவ்வொரு பருவமழை முடிந்ததும் ஒரு தடவை முழுவதும் பிரித்து, கழுவி, உலர்த்தி, மறுபடி கட்டுங்கள். தளர்ந்த துண்டும் புதிய வெடிப்பும் அப்போது கைக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய துண்டுகளின் பட்டியலையும் அன்றைக்கே எழுதி அனுப்பிவிடலாம்.